பவரா, மைலேஜா? புது கார் எஞ்சினில் எதைப் பார்த்து முடிவு செய்வது

புது கார் எடுக்கலாம் என்று முடிவானதும் ஒரே மாடலில் மூன்று எஞ்சின் வந்து நிற்கும். ஒன்று சின்ன டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி உள்ளது), ஒன்று டர்போ இல்லாத கொஞ்சம் பெரிய பெட்ரோல், இன்னொன்று ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது). சில மாடல்களில் டீசலும் உண்டு. அட்டவணையில் ஒரு பக்கம் ஹார்ஸ்பவர், இன்னொரு பக்கம் மைலேஜ். பெரும்பாலானோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடுதலாகக் கிடைக்கும் 30 ஹார்ஸ்பவருக்காக லிட்டருக்கு 2 கிலோமீட்டரை விட்டுக்கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு தொடங்கும் இடமே சரியில்லை என்று படுகிறது.

ஏனென்றால் அந்த ஹார்ஸ்பவர் எண், எஞ்சின் நிமிடத்துக்கு 5500, 6000 சுற்றில் ஓடும்போது, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது கிடைக்கிற உச்சம். தினசரி ஓட்டத்தில் அந்த இடத்துக்கு யாரும் அடிக்கடி போவதில்லை. உங்கள் பெட்ரோல் செலவாவது மற்ற நேரம் முழுக்க, எஞ்சின் அரைகுறைச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். அதனால் கேட்க வேண்டியது "உச்சத்தில் எவ்வளவு" என்பதை அல்ல, "என் ஓட்டத்தில் இந்த எஞ்சின் பெரும்பாலும் எந்தச் சுமையில் இருக்கும், அந்தச் சுமையில் அது சிக்கனமா" என்பதைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது தெளிவாகிவிடும். 1400 கிலோ எடையுள்ள சாதாரண செடான், சமதளத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. காற்றின் எதிர்ப்பு சுமார் 300 நியூட்டன், டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு சுமார் 140 நியூட்டன். இரண்டையும் சமாளித்து அதே வேகத்தில் போகத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 12 கிலோவாட், அதாவது 16, 17 ஹார்ஸ்பவர். அவ்வளவுதான். 200 ஹார்ஸ்பவர் கார் வைத்திருப்பவருக்கும் அதே 17தான் வேண்டும், 90 ஹார்ஸ்பவர் காருக்கும் அதேதான். வேகத்தை 130 ஆக்கினால் தேவை 32 ஹார்ஸ்பவர் பக்கம் போய்விடும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதும், அதை வெல்லத் தேவையான சக்தி மும்மடிப்படி ஏறுவதும்தான் காரணம். (எந்த எஞ்சின் வாங்கினாலும் நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் வேகம் குறைத்தால் மிச்சமாகும் எரிபொருள், பல எஞ்சின்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட அதிகம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

சரி, எல்லாக் காருக்கும் 17 ஹார்ஸ்பவர்தான் வேண்டும் என்றால் பெரிய எஞ்சின் ஏன் கூடுதலாகக் குடிக்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் சக்தியைக் குறைப்பதற்கான வழி, உள்ளே போகும் காற்றைத் த்ரோட்டில் வால்வால் மறிப்பது. அப்படி மறித்த பாதை வழியாகப் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் காற்றை இழுத்தாக வேண்டும், அந்த உழைப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. இதைப் பம்பிங் இழப்பு என்பார்கள். இதோடு, எஞ்சின் பெரிதாக இருந்தால் உராயும் பரப்பும் அதிகம். 2.5 லிட்டர் எஞ்சின் 2000 சுற்றில் சுமார் 220 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தரக்கூடியது. நமக்கு அந்தச் சுற்றில் வேண்டியதோ 60 சொச்சம். திறனில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே. த்ரோட்டில் பெரும்பகுதி மூடியே இருக்கும். அதே 60 நியூட்டன் மீட்டரை 1 லிட்டர் எஞ்சினிடம் கேட்டால் அது, டர்போவின் உதவியே இல்லாமல், தன்னால் முடிந்ததில் அறுபது சதவீதத்துக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கும். பெட்ரோல் எஞ்சின்கள் மிகச் சிக்கனமாக இருப்பது பொதுவாக 2000 முதல் 3000 சுற்றுக்குள், சுமை அறுபது முதல் எண்பது சதவீதம் இருக்கும்போது. சின்ன எஞ்சின் சாதாரணமாகவே அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது, பெரிய எஞ்சின் தூரத்தில் நிற்கிறது.

சின்ன டர்போ எஞ்சின்கள் வந்ததற்கு முழுக் காரணமும் இதுதான். நிதானமாகப் போகும்போது சின்ன எஞ்சினாக இரு, தேவைப்படும்போது டர்போ காற்றைத் திணித்துப் பெரிய எஞ்சினாக மாறு. 2012ல் ஃபோர்டு கொண்டுவந்த 1 லிட்டர், மூன்று சிலிண்டர் ஈகோபூஸ்ட் 125 ஹார்ஸ்பவர் வரை தந்தது. அதற்கு முன்பு அந்த அளவு சக்திக்கு 1.6 லிட்டர் எஞ்சின் வேண்டியிருந்தது. டர்போவுக்கு இன்னொரு நல்ல குணம், டார்க் 1500 சுற்றிலேயே வந்துவிடும். கியர் குறைக்காமல், எஞ்சின் கத்தாமல் வண்டி இழுக்கும். மலைப்பகுதிகளில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் தன் சக்தியில் சுமார் பத்து சதவீதத்தை இழக்கும், டர்போ அதில் பெரும்பங்கை ஈடுகட்டிவிடும்.

ஆனால் டர்போவை "பவரும் உண்டு, மைலேஜும் உண்டு" என்று விற்பதில் ஒரு முக்கியமான சொல் விடுபட்டுப்போகிறது. இரண்டும் உண்டு, ஒரே நேரத்தில் இல்லை. டர்போ காற்றை அழுத்தி அனுப்பும்போது சிலிண்டரில் சூடும் அழுத்தமும் ஏறும், எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கக் கம்ப்ரெஷன் விகிதத்தை, அதாவது சிலிண்டரில் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை (இது அதிகமாக இருந்தால்தான் சிக்கனம்), குறைவாகவே வைக்கிறார்கள், அதிகச் சுமையில் ஸ்பார்க் நேரத்தையும் தள்ளிவைக்கிறார்கள். பல எஞ்சின்களில், புகைக்குழாய்ப் பக்கம் உள்ள டர்பைன் கருகாமல் இருக்கத் தேவைக்கு மேலேயே பெட்ரோலைத் தெளித்து, அந்தப் பெட்ரோல் ஆவியாவதை வைத்துக் குளிர்விக்கிறார்கள். அப்படித் தெளித்த பெட்ரோல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்துவதில்லை. ஆக, 125 ஹார்ஸ்பவர் சின்ன டர்போவை வாங்கி அந்த 125ஐயும் அடிக்கடி கேட்பவர், அதே சக்தியுள்ள பெரிய எஞ்சினைவிட அதிகமாகவே செலவழிக்க நேரிடலாம். டர்போ பிடிக்கும் என்பவர்கள் தங்கள் கால் எப்படிப்பட்டது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

கார் கம்பெனிகளே இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் வரை புது மாடல்களுக்கு இருந்த பழைய மைலேஜ் சோதனை மிகவும் மென்மையானது: 20 நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் 34. அந்த ஓட்டத்தில் டர்போ விழிக்க வேண்டிய அவசியமே அதிகம் இல்லை, அதனால் சின்ன எஞ்சின்களின் எண்கள் அருமையாக வந்தன. அதற்குப் பதிலாக வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131. எஞ்சினை இன்னும் கொஞ்சம் நிஜமாக வேலை வாங்குகிறது. அதே காலத்தில் ஃபோக்ஸ்வாகன் தன் 1.4 லிட்டர் டர்போவை 1.5 ஆகப் பெரிதாக்கியது; அதில் 130 ஹார்ஸ்பவர் வகைக்கு 12.5 கம்ப்ரெஷனும், இன்டேக் வால்வை முன்கூட்டியே மூடும் மில்லர் முறையும் வந்தன. நிசான் இன்னும் ஒருபடி மேலே போய், ஓடும்போதே கம்ப்ரெஷனை 8க்கும் 14க்கும் இடையே மாற்றிக்கொள்ளும் 2 லிட்டர் டர்போவைத் தயாரித்து, 2018ல் விற்பனைக்கு வந்த தன் சொகுசு பிராண்டான இன்ஃபினிட்டியின் கியூஎக்ஸ்50ல் வைத்தது. நிதானமான ஓட்டத்துக்கு 14, முழு சக்திக்கு 8. ஒரே கம்ப்ரெஷன் இரண்டு வேலைக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அடுத்தது டர்போ இல்லாத எஞ்சின். இதைப் பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாஸ்டா 2011 முதலே டர்போ இல்லாமல் 14 வரை கம்ப்ரெஷன் உள்ள ஸ்கைஆக்டிவ்-ஜி எஞ்சின்களைத் தந்தது. டொயோட்டாவின் 2.5 லிட்டர் டைனமிக் ஃபோர்ஸ் எஞ்சின், எரிபொருளின் சக்தியில் 40 சதவீதத்தை வேலையாக மாற்றும் என்று கம்பெனி சொல்கிறது. ஹைப்ரிட் வகையில் 41. பெட்ரோல் எஞ்சினுக்கு இது மிக நல்ல எண். இந்த எஞ்சின்களில் ஆச்சரியங்கள் குறைவு: அட்டவணை மைலேஜும் கையில் கிடைக்கும் மைலேஜும் டர்போவில் விலகும் அளவுக்கு விலகுவதில்லை, ஆக்ஸிலேட்டருக்கு உடனே பதில் வரும், டர்போவும் அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதற்கான குழாய்களும் இல்லாததால் பத்து வருடம் கழித்துப் பழுதாகக் கூடியவையும் குறைவு. குறை என்னவென்றால், இழுவை 4000 சுற்றுக்கு மேல்தான் முழுதாக வரும். ஓவர்டேக் செய்யக் கியர் குறைத்து எஞ்சினைக் கத்தவிட வேண்டும். சிலருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அதற்காகவே டர்போ வாங்குகிறவர்கள் உண்டு, அது நியாயமான காரணம்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் மோசமான தேர்வு, பெரிய எடையுள்ள வண்டியில் இருப்பதிலேயே சின்ன, டர்போ இல்லாத எஞ்சின். விலை குறைவு, அட்டவணையில் மைலேஜ் நன்றாக இருக்கும். ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி, ஒரு மேடு என்று வந்தவுடன் அந்த எஞ்சின் திணறத் தொடங்கும், ஆக்ஸிலேட்டர் முழுக்க மிதிபடும், 4500 சுற்றில் உராய்வு எகிறும். சிக்கனத்துக்கென்று வாங்கியது, சிக்கனமே இல்லாத இடத்தில் பாதி நேரம் ஓடும். அதனால் ஹார்ஸ்பவரைத் தனியாகப் பார்க்காமல் எடையால் வகுத்துப் பாருங்கள். காலி வண்டியின் எடையை எடுக்காமல் நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சாமானையும் சேர்த்து வகுங்கள். ஒரு டன்னுக்கு 70 ஹார்ஸ்பவருக்குக் கீழே வந்தால் நெடுஞ்சாலையில் பொறுமை வேண்டும் என்பது என் சொந்த அளவுகோல். 80, 90 இருந்தால் பெரும்பாலானோருக்குத் தாராளம்.

இப்போது ஹைப்ரிட். பவரும் மைலேஜும் எதிரெதிர் என்ற நம் வழக்கமான நினைப்பை உண்மையிலேயே உடைத்தது இதுதான். ஒரே கார், ஒரே வருடம், மூன்று எஞ்சின் என்று பார்க்க 2018 டொயோட்டா கேம்ரி நல்ல உதாரணம். அமெரிக்க அரசின் இபிஏ சோதனை எண்களைக் கிலோமீட்டராக மாற்றித் தருகிறேன். 2.5 லிட்டர் சாதாரணப் பெட்ரோல், எல்இ வகை, 203 ஹார்ஸ்பவர், கலந்த ஓட்டத்தில் லிட்டருக்குச் சுமார் 13.6 கிலோமீட்டர். 3.5 லிட்டர் வி6, 301 ஹார்ஸ்பவர், சுமார் 11. ஹைப்ரிட் எல்இ, 208 ஹார்ஸ்பவர், சுமார் 22. ஹைப்ரிட் சாதாரணத்தைவிட சக்தியிலும் குறையவில்லை, மைலேஜில் ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இது எப்படி நடக்கிறது? முதல் காரணம் பிரேக். 1400 கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வர ஏறக்குறைய 190 கிலோஜூல் இயக்க ஆற்றல் சேர்த்திருக்கும், சிக்னலில் நின்றவுடன் அத்தனையும் பிரேக்கில் சூடாகப் போய்விடும். ஹைப்ரிட் அதில் நல்ல பங்கைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம், அதிகம் பேசப்படாதது. மெதுவாக ஊர்ந்து போகும்போது பெட்ரோல் எஞ்சின் மிக மோசமாகச் செயல்படும் என்று மேலே பார்த்தோமே, அந்த நேரத்தில் ஹைப்ரிட் எஞ்சினை நிறுத்தியே விடுகிறது. ஓடும்போது நல்ல சுமையில் ஓடவிட்டு, மிஞ்சுவதைப் பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. மூன்றாவது, அட்கின்சன் முறை. இன்டேக் வால்வைத் தாமதமாக மூடி, உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைத் திரும்ப வெளியே விட்டு, எரிந்த வாயு விரியும் நீளத்தை அழுத்தும் நீளத்தைவிட அதிகமாக்குவது. ஜேம்ஸ் அட்கின்சன் 1882ல் காட்டிய வழி இது, அவர் அதைச் சிக்கலான இணைப்புக் கம்பிகளால் செய்தார், இப்போது வால்வு நேரத்தால் செய்கிறார்கள். இந்த முறையில் எஞ்சினின் இழுவை குறையும், அதனால்தான் தனியாக அதை வைத்து விற்பது கடினமாக இருந்தது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு டார்க் தருவதால் அந்தக் குறை நிரம்பிவிட்டது. 1997ல் முதல் பிரையஸ் வந்ததிலிருந்து இந்த ஜோடி பிரியவில்லை.

ஆனாலும் ஹைப்ரிட்டை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதே கேம்ரி எண்களை நகரம், நெடுஞ்சாலை என்று பிரித்துப் பாருங்கள். நகரத்தில் சாதாரண எஞ்சின் சுமார் 12, ஹைப்ரிட் 21.7. நெடுஞ்சாலையில் சாதாரணம் 16.6, ஹைப்ரிட் 22.5. முதலாவதில் 80 சதவீதம் லாபம், இரண்டாவதில் 35 சதவீதம். பிரேக்கே போடாமல் ஒரே வேகத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவருக்குத் திரும்பப் பிடிக்க எதுவும் இல்லை, அவருக்கு வரும் லாபம் பெரும்பாலும் அட்கின்சன் எஞ்சினால் வருவது. இன்னொன்று, ஹைப்ரிட்டில் எழுதியிருக்கும் மொத்த சக்தி எல்லா நேரமும் கிடைக்காது. கேம்ரியின் 208ல் எஞ்சினின் பங்கு 176. நீண்ட மலையேற்றத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் அந்த 176தான் கையில். கேம்ரிக்கு அது போதும், எஞ்சின் பங்கு மிகக் குறைவாக உள்ள வண்டிகளில் சுமையோடு மலை ஏறும்போது தெரியும். ஆகவே மொத்த எண்ணோடு எஞ்சினின் தனி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம், "மைல்டு ஹைப்ரிட்" என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அதில் உள்ள சின்ன மோட்டார் பொதுவாக எஞ்சினுக்குக் கை கொடுக்குமே தவிர வண்டியைத் தனியாக ஓட்டாது, மைலேஜ் லாபமும் சின்னதுதான்.

டீசலைப் பற்றிச் சுருக்கமாக. த்ரோட்டிலால் காற்றை மறித்துச் சக்தியைக் கட்டுப்படுத்துவதில்லை, கம்ப்ரெஷன் அதிகம், அதனால் குறைந்த சுமையிலும் சிக்கனம். நிறைய பேரை, நிறைய எடையை, நீண்ட தூரம் இழுக்க இன்றும் நல்ல எஞ்சின். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் இருக்கிறது என்பதால், லிட்டர் கணக்கு மைலேஜ் அதன் திறமையைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் போய் வருகிறவர் வாங்கவே கூடாது. புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும்; அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

எண்களை ஒப்பிடும்போது பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. லிட்டருக்கு 10 தரும் வண்டியிலிருந்து 12 தருவதற்கு மாறுவது பெரிதா, 20லிருந்து 30க்கு மாறுவது பெரிதா? வருடம் 15,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். முதலாவதில் 1500 லிட்டர் 1250 ஆகும், 250 லிட்டர் மிச்சம். இரண்டாவதில் 750 லிட்டர் 500 ஆகும், அதே 250 லிட்டர் மிச்சம். இரண்டும் சமம்! குறைந்த மைலேஜ் வண்டிகளில் ஒவ்வொரு கிலோமீட்டர் வித்தியாசமும் நிறையப் பேசும், அதிக மைலேஜ் வண்டிகளில் 2, 3 கிலோமீட்டர் வித்தியாசத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போதும் வருடத்துக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றியே ஒப்பிடுங்கள். கேம்ரி கணக்கில் சாதாரணம் 1100 லிட்டர், ஹைப்ரிட் 680, வி6 1360. ஹைப்ரிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை 420 லிட்டரின் விலையால் வகுத்தால் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும். வி6க்கு 98 ஹார்ஸ்பவர் கூடுதலாக வாங்க வருடம் 260 லிட்டர் கூடுதல். அந்த இன்பம் உங்களுக்கு அவ்வளவு மதிப்பா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும், எண்ணால் சொல்ல முடியாது.

கியர்பாக்ஸையும் எஞ்சினின் பாதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கோ, படிப்படியான கியர் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் சிவிடியோ எஞ்சினைச் சிக்கனமான சுற்றிலேயே வைத்திருக்கும். நான்கு, ஐந்து கியர் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் எவ்வளவு நல்ல எஞ்சினையும் வீணாக்கும். பெட்ரோலின் ஆக்டேன் (தானாக வெடிப்பதைத் தாங்கும் தரம்) விஷயமும் உண்டு: அதிகக் கம்ப்ரெஷன் அல்லது டர்போ எஞ்சினுக்குக் கையேட்டில் உயர் ஆக்டேன் கேட்டிருந்து நீங்கள் குறைந்ததைப் போட்டால், எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள ஸ்பார்க்கைத் தள்ளிவைக்கும், பவரும் மைலேஜும் சேர்ந்தே குறையும். அந்த விலை வித்தியாசமும் கணக்கில் வர வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் பாதிக்கு மேல் நகர நெரிசல் என்றால், கட்டுப்படியாகும் வரை முழு ஹைப்ரிட்தான், யோசிக்கவே வேண்டாம். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து, நிதானமான கால் உள்ளவருக்குச் சின்ன டர்போ பொருந்தும், அதிலும் இருக்கும் டர்போக்களில் ஆகச் சிறியதை விட்டு அடுத்ததை எடுங்கள். வண்டியைப் பத்து, பதினைந்து வருடம் வைத்திருப்பேன், தலைவலி வேண்டாம் என்பவருக்கு அதிகக் கம்ப்ரெஷன் உள்ள, டர்போ இல்லாத எஞ்சின். முழுச் சுமையோடு நெடுந்தூரம் என்றால் டீசல். வேகமாக ஓட்டுவதுதான் மகிழ்ச்சி என்றால், சின்ன டர்போவை மைலேஜுக்காக வாங்காதீர்கள், பெரிய எஞ்சினையே வாங்கி அதன் லிட்டர் கணக்கை ஏற்றுக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வழக்கமாக உங்களோடு வருபவர்களை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து 100 தொடும் நேரத்தைவிட, 60லிருந்து 100க்குப் போகும் விதம் முக்கியம், ஓவர்டேக்கில் உயிரைக் காப்பது அதுதான். சட்டம் அனுமதிக்கும் சாலையில், பாதுகாப்பான இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். பிறகு 100ல் நிலையாகப் போகும்போது சுற்று எவ்வளவு என்று மீட்டரில் பாருங்கள். 2000 பக்கம் நின்று, லேசாக மிதித்ததும் கியர் மாறாமல் வண்டி முன்னே போனால், அந்த எஞ்சின் அந்த வண்டிக்குச் சரியான அளவு. 3000க்கு மேல் நின்றால், ஒவ்வொரு சின்ன மேட்டுக்கும் கியர் குறைந்தால், அட்டவணையில் என்ன மைலேஜ் போட்டிருந்தாலும் அடுத்த எஞ்சினைப் பாருங்கள்.